போனிலேயே எல்லாம் இருக்க நூலகம் எதற்கு? வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்து வாசகர் வட்டக் கூட்டங்களில் நூலகத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வரும். சிலர் கேலியாகக் கேட்பார்கள், சிலர் உண்மையான குழப்பத்தோடு. பதில்கள் ஒரு வாசகருடையவை. நூலகத் துறையின் அறிவிப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எல்லாம் போனிலேயே கிடைக்கிறது. இன்னும் யார் சார் நூலகத்துக்குப் போகிறார்கள்?

வேலை நாளில் காலை பத்து மணிக்கு மேல் ஏதாவது ஒரு முழுநேரக் கிளை நூலகத்துக்குள் எட்டிப் பாருங்கள். உட்கார இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். டிஎன்பிஎஸ்சி குரூப் 4, எஸ்.ஐ. தேர்வு, ரயில்வே தேர்வு என்று ஆளுக்கொரு தடித்த கைடை விரித்து வைத்திருப்பார்கள். முன்பக்க மேசையில் பேப்பர் படிக்கும் பெரியவர்கள், நடுப்பக்கம் யார் கையில் இருக்கிறது என்று கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தபடி. மாலையானால் பள்ளிப் பிள்ளைகள்.

இந்தத் தேர்வுக்காரர்களிடம் புத்தகம் இருக்கிறது. குறிப்பு போனில் இருக்கிறது, வகுப்பு யூடியூபில் ஓடுகிறது. அவர்களிடம் இல்லாதது இடம். வாரியக் குடியிருப்பில் ஓர் அறையும் சமையல்கட்டும் உள்ள வீட்டில் ஐந்து பேர் இருக்கிறார்கள் என்று வையுங்கள். அப்பா நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குவார், ஒரு பக்கம் சீரியல் ஓடும், தெருவில் சாவு மேளம் போகும். அங்கே உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு மேசையும் மின்விசிறியும் வாயை மூடிக்கொண்டிருக்கும் நாற்பது பேரும் எவ்வளவு பெரிய வசதி என்று. இரவல் பதிவேட்டை மட்டும் பார்த்து ‘நூலகம் செத்துவிட்டது’ என்று எழுதுகிறவர்கள் நாற்காலிகளை எண்ணிப் பார்ப்பதில்லை.

அப்படியென்றால் அது வெறும் படிப்பறைதானே? நூலகம் என்று ஏன் சொல்ல வேண்டும்?

வடசென்னைக்கு இது புதிய ஏற்பாடு இல்லை. ஆலையும் துறைமுகமும் ரயில்வே பட்டறையும் இருந்த இந்தப் பக்கத்தில் பல தெருக்களில் படிப்பகம் இருந்தது. கொடிக்கம்பத்தடியில் ஒரு கொட்டகை, இரண்டு பெஞ்சு, நான்கு நாளிதழ், சுவரில் பெரியாரோ அம்பேத்கரோ மார்க்ஸோ. எழுத்து தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேட்டுவிட்டு வாதாடுவார்கள். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது பெரம்பூர்ப் பக்கத்து ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான். அந்த ஊர்க்காரர்களுக்கு, உட்கார்ந்து படிக்கவும் பேசவும் ஓர் இடம் வேண்டும் என்று யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

நூலகவியலில் பெரிய பெயரான எஸ்.ஆர். ரங்கநாதனும் நம் பக்கத்துக்காரர்தான். சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றவர். 1931-இல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் கடைசி விதி, நூலகம் ஒரு வளரும் உயிர் என்பது. வளர்வது என்றால் உருவம் மாறுவதும்தான். கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகத்தில் லேப்டாப்போடு வேலை செய்கிறவர்களுக்கு இடம், தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு இடம், கூடவே புத்தகங்கள். அதே மாதிரியில் மற்ற இடங்களிலும் கட்ட ஆரம்பித்திருக்கிறார்கள். எனக்கு இதில் மகிழ்ச்சிதான், ஒரு முணுமுணுப்போடு. நாற்காலி கேட்டு வருகிறவர்களுக்கு இடம் விடுவதற்காக அலமாரியை ஒவ்வொன்றாக வெளியேற்றிக்கொண்டே போனால், கடைசியில் ஏசி போட்ட ஒரு கூடம்தான் மிஞ்சும். கைடு படிக்க வந்த பையன் கால் மரத்துப்போய் எழுந்து நடக்கும்போது கண்ணில் ஒரு சிறுகதைத் தொகுப்பு பட வேண்டும். அதற்கு அலமாரி அங்கே இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் காசு யார் கொடுக்கிறார்கள்?

நீங்கள்தான். 1948-ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவில் ஒரு மாகாணம் இயற்றிய முதல் பொது நூலகச் சட்டம். அதற்குப் பின்னால் ரங்கநாதனின் உழைப்பு உண்டு. அதன்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. இப்போது அது சொத்து வரியில் பத்து சதவீதம். மாநகராட்சி வசூலித்து நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்க வேண்டும். வாடகைக்கு இருக்கிறவர்களுக்கு இதில் பங்கில்லை என்று நினைக்காதீர்கள். வீட்டுக்காரர் அதையும் சேர்த்துத்தான் வாடகை சொல்லியிருப்பார். ஆகவே நூலகத்தில் கழிப்பறை பூட்டியிருந்தாலோ, புதுப் புத்தகம் வராவிட்டாலோ தயங்காமல் கேளுங்கள்.

சட்டப்படி இலவசமாகத் தமிழ் மின்னூல்கள் எங்கே கிடைக்கும்?

நிறைய இடங்களில். ஒவ்வொன்றின் குணமும் வேறு, அதைத் தெரிந்துகொண்டால் தேடி அலைய வேண்டியதில்லை.

பழைய தமிழ் அச்சு நூல்கள் வேண்டுமென்றால் முதலில் தமிழ் மின்னூலகம். தமிழ் இணையக் கல்விக்கழகம் நடத்துவது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்புகள், இதழ்கள், ஓலைச்சுவடிகள் எல்லாம் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். பழைய பதிப்பின் அட்டையையும் முன்னுரையையும் அச்சுக்கூடத்தின் முகவரியையும் பார்க்க முடிகிறது. தங்கசாலை, ஏழுகிணறு, சவுகார்பேட்டைப் பக்கத்து அச்சகங்களின் பெயர்களைப் பார்த்தால் ஒரு காலத்தில் தமிழின் அச்சு உலகத்தில் பெரும்பகுதி ஜார்ஜ் டவுனில் இருந்தது புரியும். அதற்காகவே ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவு செய்யலாம்.

சங்க இலக்கியம், காப்பியம், பக்தி இலக்கியம் இவற்றின் மூலம் மட்டும் போதுமென்றால் மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கியது. உலகம் முழுக்க இருந்த தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்துச் சேர்த்தார்கள். இது படமாக இல்லை, எழுத்தாகவே இருப்பதால் ஒரு சொல்லைப் போட்டுத் தேடலாம். குறளில் ‘மழை’ எங்கெங்கே வருகிறது என்று உங்கள் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் வந்தால் இங்கே போங்கள்.

நாட்டுடைமையான நூல்கள், அதாவது அரசு பணம் கொடுத்துப் பொதுவாக்கியவை, தமிழ் விக்கிமூலத்தில் ஏராளமாக இருக்கின்றன. ஒரு பக்கம் ஸ்கேன், பக்கத்திலேயே தட்டச்சு வடிவம். பிழை கண்டால் நீங்களே திருத்தலாம். ஓய்வு பெற்ற தமிழாசிரியர்களுக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு எனக்குத் தெரியாது. ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் நூலகம் என்ற பெயரிலேயே ஒரு மின்னூலகம் 2005-லிருந்து இயங்குகிறது. இன்றைய எழுத்தாளர்கள் தாங்களாகவே படைப்பாக்கப் பொதுமங்கள் (கிரியேட்டிவ் காமன்ஸ்) என்ற, யாரும் பகிர்ந்துகொள்ள இடம் தரும் உரிமத்தில் வெளியிட்ட புத்தகங்களுக்கு ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம். போனுக்கு ஏற்ற இபப் வடிவம் அங்கே கிடைக்கும்.

பிடிஎஃப், இபப் என்றால் என்ன வித்தியாசம்? போனில் படித்தால் கண் வலிக்கிறது.

வலிப்பது பெரும்பாலும் பிடிஎஃப் செய்கிற வேலை. அது பக்கத்தின் அச்சான உருவம். ஆறு அங்குலத் திரையில் ஒவ்வொரு வரிக்கும் இடம் வலம் என்று இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இபப்பில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானாக மடிந்துகொள்ளும். டேட்டாவும் மிச்சம். ஸ்கேன் செய்த நாவல் பல பத்து எம்பி பிடிக்கும், அதே நாவல் எழுத்து வடிவில் ஒன்றிரண்டு எம்பிக்குள் அடங்கிவிடும்.

டெலிகிராமில் எல்லாப் புத்தகமும் கிடைக்கிறதே, அதைப் படித்தால் என்ன?

கிடைக்கிறது, தெரியும். அதில் இரண்டு வகையைப் பிரித்துப் பாருங்கள்.

இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த ஆண்டு முடிந்து அடுத்த அறுபது ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. 1964-இல் இறந்த நேருவின் எழுத்து 2025 ஜனவரி முதல் பொதுவுக்கு வந்துவிட்டது. தமிழ்நாட்டில் இன்னொரு வழியும் உண்டு. அரசு வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுத்து நூல்களை நாட்டுடைமையாக்கும். பாரதியில் ஆரம்பித்து நீண்ட பட்டியல் அது. கல்கி 1954-இல் மறைந்தவர், சட்டப்படி 2015 பிறந்தபோதுதான் காலம் முடிந்திருக்கும். ஆனால் 1999-லேயே நாட்டுடைமையாகிவிட்டதால் யார் வேண்டுமானாலும் அச்சிட்டார்கள், மின்னூலாக்கினார்கள். இந்த வகையை எந்தக் குழுவில் எடுத்தாலும் தப்பில்லை.

இன்னொரு வகை, போன வருடம் புத்தகக் காட்சியில் வந்த நாவலின் ஸ்கேன். தமிழில் ஒரு புத்தகத்தைச் சில நூறு பிரதிகள் அடிப்பதே பல பதிப்பாளர்களுக்கு வழக்கமாகிவிட்ட காலம் இது. அதில் ஐம்பது பேர் பிடிஎஃப் எடுத்துக்கொண்டால் அந்தக் கணக்கில் அது பெரிய ஓட்டை. வாங்கக் காசில்லை என்பது நியாயமான பதில்தான். நூலகம் இருப்பதே அதற்காகத்தானே. வேண்டிய புத்தகத்தின் பெயரை எழுதிக் கொடுங்கள். நாலு பேர் கேட்டால் அந்தப் பெயருக்கு ஒரு கனம் வரும். உடனே வந்துவிடும் என்று சொல்ல மாட்டேன்.

எல்லாப் பழைய புத்தகத்தையும் ஸ்கேன் செய்து போட்டுவிட்டால் வேலை முடிந்ததா?

பாதி வேலைதான் ஆகியிருக்கும். ஸ்கேன் என்பது படம். மனிதக் கண்ணுக்கு அது பக்கம், கணினிக்கு வெறும் கறுப்பு வெள்ளைப் புள்ளி. அதற்குள் தேட முடியாது, மேற்கோளை நகலெடுக்க முடியாது. எல்லாவற்றையும்விட, பார்வையற்ற வாசகருக்கு அது வெற்றுத் தாள். போனிலிருக்கும் டாக்பேக் எழுத்தைத் தமிழில் வாசித்துக் காட்டும். படத்தைக் கொடுத்தால் திணறும்.

படத்தை எழுத்தாக்குவதற்கு எழுத்துணரி, அதாவது ஓசிஆர் வேண்டும். தமிழுக்கு இப்போது நன்றாகவே வேலை செய்கிறது, புது அச்சாக இருந்தால். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முந்தைய புத்தகங்களில் ‘லை’, ‘னை’ போன்றவை துதிக்கை வைத்த பழைய வடிவத்தில் இருக்கும். எழுத்துணரி அங்கே தடுமாறி எதையாவது போட்டுவிடும். காகிதம் பழுத்து, மை கசிந்து, ஒற்றுப்புள்ளி தேய்ந்திருந்தால் இன்னும் மோசம். மெய்யெழுத்தின் மேல் புள்ளி போனால் தமிழில் சொல்லே வேறாகிவிடுகிறது. அதனால் கடைசியில் ஒரு மனிதர் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தே ஆக வேண்டும். இந்த வேலைக்குப் பணம் ஒதுக்குவது கடினம், ஏனென்றால் திறப்பு விழாவில் காட்ட ஒன்றும் இருக்காது.

இன்னொரு சிக்கல், கணினியில் அடித்த தமிழே திறக்காமல் போவது. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு என்ற எழுத்துக் குறியீடு பரவுவதற்கு முன்பு ஆளுக்கொரு எழுத்துருவில் அடித்தார்கள். தொண்ணூறுகளில் டிடிபி கடையில் வடிவமைத்த புத்தகத்தின் கோப்பை இன்று திறந்தால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியலாக நிற்கும். மாற்றிகள் இருக்கின்றன, ஆனால் அது எந்த எழுத்துரு என்று தெரிய வேண்டும். நூறு வருடத்துக் காகிதம் கண் முன்னால் படிக்கக் கிடக்கிறது, முப்பது வருடத்துக் கோப்பு திறக்க மாட்டேன் என்கிறது. வேடிக்கைதான்.

நூலகம் தன்னிடமுள்ள புத்தகத்தை ஸ்கேன் செய்வது சட்டப்படி சரியா என்றும் கேட்கிறார்கள். லாபநோக்கில்லாத நூலகம், தன்னிடம் அச்சுப் பிரதி இருக்கும் நூலைப் பாதுகாப்பதற்காக மின்வடிவில் சேமிக்கலாம் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் இடம் தருகிறது. ஊருக்கெல்லாம் இணையத்தில் விடலாம் என்று அதற்குப் பொருள் இல்லை.

மின்னூலையும் நூலகம் இரவல் கொடுக்க முடியாதா? ஒரே கோப்பை ஆயிரம் பேருக்குக் கொடுக்கலாமே.

தொழில்நுட்பம் விடும், ஒப்பந்தம் விடாது. அச்சுப் புத்தகத்தை நூலகம் வாங்கினால் அது நூலகத்தின் சொத்து. பைண்டிங் பிய்ந்தால் மறுபடி தைத்து, கிழிந்தால் ஒட்டி, இருபது வருடம் சுற்றில் விடலாம். மின்னூலை நூலகம் பெரும்பாலும் வாங்குவதில்லை, உரிமம் எடுக்கிறது. வீட்டை வாங்குவதற்கும் பதினோரு மாத அக்ரிமென்ட் போட்டுக் குடியிருப்பதற்கும் உள்ள வித்தியாசம். ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் 2011-இல் அமெரிக்க நூலகங்களுக்கு ஒரு விதி போட்டது: ஒரு மின்னூலை 26 முறை இரவல் கொடுத்ததும் உரிமம் முடிந்துவிடும், வேண்டுமானால் மறுபடி பணம் கட்டு. அங்கே நூலகர்கள் கொதித்தார்கள். நம் கிளை நூலகத்தில் பிசின் போட்டு ஒட்டிய அட்டையோடு இன்னும் சுற்றிவரும் நாவல்களை அவர்களுக்குக் காட்ட வேண்டும்.

தனிமனிதர்களுக்கும் இதே கதைதான். 2009-இல் அமேசான், வாசகர்கள் காசு கொடுத்து வாங்கிய நூல்களை அவர்களுடைய கிண்டில் என்ற மின்னூல் கருவிகளிலிருந்து ஒரு நாள் சத்தமில்லாமல் நீக்கியது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, பிறகு மன்னிப்பும் கேட்டது. ஆனால் உங்கள் வீட்டு அலமாரியிலிருந்து எடுக்க யாராவது கதவைத் தட்டியாக வேண்டும், அங்கே தட்ட வேண்டியிருக்கவில்லை என்பது எல்லோருக்கும் உறைத்தது.

தன்னிடம் உள்ள அச்சுப் பிரதியை ஸ்கேன் செய்து, ஒரு பிரதிக்கு ஒருவர் என்ற கணக்கில் இரவல் விடலாம் என்று இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமெரிக்க இணைய நூலகம் வாதாடிப் பார்த்தது. பதிப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். அமெரிக்க நீதிமன்றம் 2023-இல் பதிப்பாளர்கள் பக்கம் தீர்ப்பளித்தது, 2024-இல் மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியானது. எழுத்தாளரின் வயிற்றுப்பாட்டைப் பற்றி மேலே சொன்ன நான், இந்தத் தீர்ப்பு சரியென்று சொல்லத் தயங்குகிறேன். நூலகம் இரவல் கொடுப்பதும் டெலிகிராம் குழுவில் பிடிஎஃப் விடுவதும் ஒன்றில்லை.

மழை வந்தால் எங்கள் பக்கம் தண்ணீர் நிற்கிறது, காகிதம் நனைகிறது. டிஜிட்டல்தான் பத்திரம் இல்லையா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலை நினைத்துப் பாருங்கள். கொருக்குப்பேட்டையும் வியாசர்பாடியும் பட்டாளமும் தண்ணீரில் நின்றன. தாழ்வான கட்டடத்தில் கீழ்த்தட்டுப் புத்தகத்துக்கு அது எமன்தான். அதே நாட்களில் கரண்ட் இல்லை, பல இடங்களில் டவரும் இல்லை. போனுக்குள் ஆயிரம் புத்தகம் வைத்திருந்தவர் சார்ஜ் போட ஜெனரேட்டர் இருக்கும் வீட்டைத் தேடிக்கொண்டிருந்தார். ஆக, இரண்டுக்கும் தனித்தனிச் சாவு உண்டு.

காகிதத்துக்கு நெருப்பு. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. அவற்றில் சில உலகத்தில் வேறெங்கும் இல்லாதவை. நம் ஊரில் 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்தது. அங்கே பழைய புத்தகக் கடைகளோடு சேர்ந்து என்னென்ன போனது என்று பட்டியல் போட யாராலும் முடியாது.

டிஜிட்டலுக்கு ஹேக்கர். 2023 அக்டோபரில் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளை ஒரு கும்பல் முடக்கிப் பணம் கேட்டது. நூலகம் கொடுக்க மறுத்தது, திருடிய விவரங்களை அவர்கள் வெளியிட்டார்கள். நூற்பட்டியலே 2024 ஜனவரி நடுவில்தான் திரும்பி வந்தது. அரிய தமிழ் அச்சு நூல்கள் பல அங்கே இருக்கின்றன. புத்தகம் அலமாரியில் பத்திரமாக இருந்தது, ஆனால் எந்த அலமாரி என்று கேட்கத்தான் வழியில்லை.

எனவே ஒரே பிரதி, ஒரே இடம் என்பதுதான் ஆபத்து. காகிதம் ஓர் ஊரில், ஸ்கேன் இன்னோர் ஊரில், அதன் நகல் வேறொரு சர்வரில் என்று இருந்தால் தப்பிக்கும். வீட்டில் தாத்தா எழுதிய நோட்டு இருந்தால் அதற்கும் இதையே செய்யுங்கள்.

சாட்ஜிபிடியிடம் கேட்டால் பதில் வந்துவிடுகிறது. நூலகரிடம் எதற்குக் கேட்க வேண்டும்?

வருகிற பதிலில் சொல்லும் புத்தகம் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்க. 2025 மே மாதத்தில் சிகாகோ சன்-டைம்ஸ் என்ற அமெரிக்க நாளிதழில் கோடை வாசிப்புக்கு 15 புத்தகங்களின் பட்டியல் வந்தது. அவற்றில் பத்து எழுதப்படவே இல்லை. எழுத்தாளர்கள் உண்மை, தலைப்பும் கதைச் சுருக்கமும் ஏஐ கட்டியவை. தமிழில் கேட்டுப் பாருங்கள், இன்னும் தைரியமாகக் கட்டும். பழைய எழுத்தாளர் ஒருவரின் பெயரைச் சொன்னால், அவர் எழுதாத நாவலுக்குப் பதிப்பக முகவரியோடு விவரம் தரும்.

நூலகர் ‘அப்படி ஒரு புத்தகம் இல்லையே தம்பி’ என்று சொல்வார். இந்த ‘இல்லை’ மதிப்புள்ள பதில்.

ஆனால் இன்று நூலகருக்கு அந்தக் கேள்விக்கு நேரம் இருக்கிறதா என்பது வேறு விஷயம். தேர்வு விண்ணப்பத்துக்கு ஃபோட்டோவைச் சின்னதாக்கித் தரச் சொல்வார்கள், பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்பார்கள், ஓடிபி அம்மா போனுக்குப் போய்விட்டது என்பார்கள். பல சிறிய நூலகங்களில் ஒரே ஆள்தான் திறந்து, பேப்பர் அடுக்கி, புத்தகம் பதிந்து, இதையும் பார்க்க வேண்டும். இதுவும் நூலகப் பணிதான் என்பது என் கருத்து. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்று ரங்கநாதன் சொன்னதில் விண்ணப்பம் போடும் நேரமும் சேர்த்திதான். அப்படியானால் அதற்கு ஒரு கணினியும் இன்னோர் ஆளும் வேண்டும். ஒருவர் தலையிலேயே எல்லாவற்றையும் கட்டக் கூடாது.

கல்லூரி மாணவி நான். ஆய்விதழ் கட்டுரைக்கு டாலரில் பணம் கேட்கிறார்கள். கிளை நூலகத்தில் கிடைக்குமா?

கிடைக்காது. உங்கள் கல்லூரி அரசுக் கல்லூரியாக இருந்தால் கல்லூரி நூலகத்தில் கேளுங்கள். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ‘ஒரு நாடு ஒரு சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கானது அது. பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி, வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி மாதிரியான இடங்களில் படிக்கிறவர்கள், தங்கள் கல்லூரியில் இணைப்பு வந்துவிட்டதா என்று நச்சரித்தே தெரிந்துகொள்ள வேண்டும். தனியாருக்கும் பொதுமக்களுக்கும் இதில் கதவு இல்லை. கட்டுரையாளருக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் பலர் தாங்களே அனுப்பி வைப்பார்கள், அது பழைய வழி, இன்றும் பலிக்கிறது.

பெரிய நூலகமெல்லாம் தெற்கேதானே இருக்கிறது?

உண்மை, எனக்கும் அந்த ஆற்றாமை உண்டு. லிங்கிச் செட்டித் தெருவில் 1958-இல் தொடங்கிய மறைமலையடிகள் நூலகம்கூட இப்போது எழும்பூர் கன்னிமாரா வளாகத்தில்தான் இருக்கிறது. கன்னிமாரா 1896-இல் திறந்தது. இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் சட்டப்படி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. விம்கோ நகரிலிருந்து மெட்ரோவில் வந்தால் சென்ட்ரலில் மாறி அடுத்த நிறுத்தம் எழும்பூர். பழைய இதழ், தேதியிட்ட நாளிதழ் என்றால் இங்கேதான் முதலில் போக வேண்டும்.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குக் கடற்கரை நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறினால் போதும். பிள்ளைகளை அழைத்துப் போங்கள், சிறுவர் பகுதி அருமை. பிரெய்ல் பகுதியும் உண்டு, சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கும் இடமும் உண்டு. ஆனால் வாரம் ஒருமுறை போய்வரும் தூரத்தில் அது இல்லை. தினமும் நடந்து போகும் தூரத்திலிருப்பது உங்கள் கிளை நூலகம்தான், முதலில் அதில் உறுப்பினராகுங்கள். காப்புத்தொகையும் சந்தாவும் ஒரு வேளை டிபன் செலவுகூட வராது.

பாட்டியால் நூலகம் வர முடியாது. என்ன செய்வது?

நூலக நண்பர்கள் திட்டம் உங்கள் கிளையில் இயங்குகிறதா என்று கேளுங்கள். தன்னார்வலர்கள் புத்தகத்தை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். இல்லாவிட்டால் பாட்டியின் பெயரில் உறுப்பினர் அட்டை எடுத்து நீங்கள் கொண்டுபோய்க் கொடுங்கள். கண் மங்கலென்றால் இபப்பில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுக்கலாம்.

வீட்டிலுள்ள பழைய புத்தகங்களை நூலகத்துக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், முதலில் நூலகரிடம் பட்டியலைக் காட்டிவிட்டு. மூட்டையாகக் கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வருவது தானம் ஆகாது. பாடத்திட்டம் மாறிப்போன கைடு, 2010 பொது அறிவு, கரையான் தின்ற கலைக்களஞ்சியம் எல்லாம் வேண்டாம். கரையான் அங்கேயும் பரவும். நாவல், சிறுகதை, சிறுவர் நூல், நடப்புப் போட்டித் தேர்வு நூல் என்றால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். பணமாகக் கொடுக்க விரும்பினால் 1,000 ரூபாய் கட்டிப் புரவலராகலாம்.

ஐம்பது வருடத்துக்கு முந்தைய சிறுபத்திரிகை, சங்க வெளியீடு, ஆலைத் தொழிலாளர் துண்டறிக்கை, கோயில் திருவிழா நோட்டீஸ் ஏதாவது பரணில் இருந்தால் நிறுத்துங்கள். அதைக் கிளை நூலகத்துக்கும் கொடுக்க வேண்டாம், பழைய பேப்பர்காரருக்கும் போட வேண்டாம். 1994-இல் உருவாகி, இப்போது தரமணியில் இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் காட்டுங்கள். அந்த நூலகமே, காகிதத்தில் எதையும் தூக்கிப் போடாத கோட்டையூர்க்காரர் ஒருவரின் சேகரிப்பிலிருந்து பிறந்ததுதான். வடசென்னையைப் பற்றி வடசென்னைக்காரர்கள் அச்சடித்த காகிதம் எந்த மின்னூலகத்திலும் போதுமான அளவுக்கு இல்லை.

மீதமுள்ளதை, அந்தத் தீக்குப் பிறகு சென்ட்ரல் பக்கத்தில் வந்த மூர் மார்க்கெட் வளாகத்தில் விற்கலாம். பேரம் உங்கள் சாமர்த்தியம்.